இன்னொருவன் நாய் குரைக்கும் இடம்

மே மாதம், ஏரிப்பனி உடைந்த வாரத்தில், உர்போ தன் சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து என் சமையலறை மேசைமேல் வைத்தான். கறுப்பும் பழுப்பும் வெள்ளையுமாக, தொங்கு காதோடு, வயிறு மட்டும் உப்பிய ஒரு பெட்டைக்குட்டி. பக்கத்து வீடு என்று பேர்தான், நடுவில் ஒரு கிலோமீட்டர் காடு. குட்டி குளிரில் நடுங்கக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்தபடியே அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தான்.

"உன் பழைய நாயோட பேத்தி இவ, தைஸ்தோ," என்றான் என் கணவரிடம். "ஆறு குட்டியில நல்லதாப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கேன். விலை கிலைன்னு பேசினே, உன் வீட்டுக் காப்பியைத் தொடாம போயிடுவேன்."

தைஸ்தோ குட்டியின் காதைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். முப்பது வருஷம் முயல் வேட்டைக்குத் துரத்துநாய் வளர்த்தவர், கை எதையும் மறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல சாதி. இந்த வீட்டுக்காரங்க யாரு? கேட்டா நமக்குக் குடுப்பாங்களா?" என்றார்.

உர்போ மேசையைத் தட்டிச் சிரித்தான். "கிழவன் இன்னும் திருந்தலே பாரு!" தைஸ்தோ காலமெல்லாம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கிண்டல் செய்தவர். அதனால் அவர் என்ன சொன்னாலும் ஊர் சிரித்துவிடும். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு, உர்போ," என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. சும்மா கொடுக்கிற குட்டிக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். குட்டியைத் திரும்பச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பாதிக் காப்பியோடு எழுந்து போனான்.

என் கணவருக்கு அறுபத்திரண்டு வயதில் ஞாபகம் அழிந்துகொண்டு வருகிறது என்பது ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஊராட்சி செவிலி மைரேவுக்கு மட்டும் தெரியும். அவள் வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். காட்டில் யாராவது காணாமல் போனால் தேடப் போகிறவர்களுக்கு முன்னால் நடந்தவர் தைஸ்தோ. ஒவ்வொரு சதுப்புக்கும் பேர் தெரிந்தவர். அவர் தோளை நாலு பேர் தட்டிக்கொடுத்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுவதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். இந்தப் பின்லாந்தில் வாயைத் திறக்காமலே செத்துப்போனவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வரிசையில் நானும் போய் நின்றேன், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் செய்தித்தாள் எடுக்கப் போனவரை ஏரியின் நடுப்பனியில் கண்டெடுத்தார்கள். பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தவர் ஒரு வெளியூர் வண்டிக்காரர் என்பதால் ஊருக்குத் தெரியாமல் போனது. ஏப்ரலில் மறுபடியும் அப்படியே. அன்று மைரே என் எதிரில் உட்கார்ந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"இன்னொரு தடவை காணாமப் போனார்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லீங்க. கஜானி ஆஸ்பத்திரியில பூட்டு வச்ச வார்டுதான்."

அந்த வார்டை நான் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் வரிசையாக ஆண்கள், எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. ஒருவர் நான் இருந்த அரைமணி நேரமும் கதவுப் பிடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வாந்தி எடுத்தேன். எங்கள் வீட்டுக் கதவுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அதைத் தேடி எடுத்து ஒரு நாள் பூட்டிவிட்டுப் போனதற்கு, முக்காலியால் ஜன்னலை உடைத்துக் கையில் எட்டுத் தையல் போட்டுக்கொண்டார். நானோ பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு மணி வரை வேலை செய்கிறவள். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். துப்பாக்கியை மட்டும் பிப்ரவரியிலேயே என் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

நாய் ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அவர் எங்கே போனாலும் கூடப் போக வேண்டும், எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சொல்ல வேண்டும். இப்போது இருப்பதுபோல நாயின் கழுத்தில் கருவி கட்டி வரைபடத்தில் பார்க்கிற வசதியெல்லாம் அன்று கிடையாது. குரல்தான்.

துரத்துநாய் என்றால் அவருக்கு உயிர். உர்போ கொண்டுவந்த குட்டியும் அந்தச் சாதிதான். அடுப்படியில் சாதுவாகப் படுத்துக் கிடக்கும், பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். வீட்டுக்கு அதைப்போல வராது. ஆனால் ஒரு முயல் வாசனை போதும். ஊளையிட்டுக்கொண்டே ஏரிக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதன் குரலைத் தொடர்ந்து நான் ஓடினால் முயல் கிடைக்கும், புருஷன் கிடைக்க மாட்டார்.

இன்னொரு சாதி குத்துக்காது. நரி நிறம், சுருண்ட வால். காட்டுக்கோழியை மரத்தில் ஏற்றிவிட்டு, அடியில் நின்ற இடத்தை விட்டு அசையாமல், எஜமான் வரும்வரை குரைக்கும். எனக்கு வேண்டிய குரல் அதுதான். ஆனால் வாசலில் இலை விழுந்தாலும் குரைக்கும். ஒரே ஆளோடுதான் ஒட்டும், அந்த ஆளும் யார் என்று அதுவேதான் முடிவு செய்யும். தைஸ்தோ அந்தச் சாதியைக் கண்டாலே "வந்துட்டார்யா வக்கீல்" என்பார். போதாததற்கு அது குரைப்பது பறவையைப் பார்த்து. தலைக்கு மேலே பறவை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து எந்த நாய் குரைக்கும்?

வேட்டைப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, இரண்டு மணி நேரம் பேருந்தில் போய் ஆர்மஸ் என்பவரைப் பார்த்தேன். குத்துக்காது வளர்ப்பதில் பேர்போனவர். சுவர் முழுக்கப் பரிசுகள். நாலு நாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினார். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. களைத்துப்போய் விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்தேன். உடனே விறகுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் தலை தெறிக்கக் குரைக்க ஆரம்பித்தது. கட்டியிருந்த கயிறு விறைக்க, என் முகத்தையே பார்த்து, மூச்சு விடாமல்.

ஆர்மஸ் முகம் சிவந்துவிட்டது. "அதைப் பாக்காதீங்கம்மா. அது கெட்டுப்போன நாய்."

"என்ன செய்யுது?"

"மனுஷன் நடந்தா சும்மா இருக்கும். காட்டுல எங்கியாவது உக்காந்தா போச்சு. போன வருஷம் பழம் பறிக்க வந்த பாதிரியார் ரொட்டி தின்ன உக்காந்திருக்கார். ரெண்டு மணி நேரம் அவரை விடலையே! ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயே என்னைக் குத்திக் காட்டினாரு."

நான் எழுந்தேன். நாய் நிறுத்தியது. உட்கார்ந்தேன். குரைத்தது. மறுபடி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். ஆர்மஸ் என்னைப் பார்த்த பார்வையில் எந்த மருத்துவருக்குச் சொல்லி அனுப்பலாம் என்ற யோசனை தெரிந்தது.

"எனக்கு இதுதான் வேணும்," என்றேன்.

"அம்மா, இது நாய் இல்ல. என் குடும்பத்துக்கு அவமானம்."

விலை வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் வழிக்கு எடுத்து வந்த ஏலக்காய் ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். "யார்கிட்ட வாங்கினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்று பேருந்து வரை வந்து கெஞ்சினார். ருஸ்கோ என்று பேர் அதற்கு.

மறுநாளே தைஸ்தோவைக் காட்டுக்குள் அழைத்துப் போய் ஒரு மரக்கட்டையில் உட்காரச் சொன்னேன். ருஸ்கோ நாலடி தள்ளி நின்று அவரைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. "வாயை மூடு! நான் என்ன காட்டுக்கோழியா?" என்று அவர் தொப்பியை எறிந்தார். ஒரு வருஷம் கழித்து அன்றுதான் எனக்கு உண்மையான சிரிப்பு வந்தது. பிறகு சௌனா என்கிற நீராவிக் குளியல் குடிசைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வீட்டுக்குள் அந்த நாய் வாயே திறக்காமல் அவர் காலடியில் தூங்கியது. அதுவும் எனக்குக் கிடைத்த வரம்.

ஞாயிற்றுக்கிழமை உர்போவிடம் போய்ச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய். "தைஸ்தோவுக்கு முயல் அலுத்துப்போச்சாம். வயசான காலத்துல காட்டுக்கோழி வேட்டைன்னு கிளம்பிட்டார். குத்துக்காது வாங்கிட்டோம்."

"தைஸ்தோவா? குத்துக்காதா?" என்றான் உர்போ. "சரி. அவன் நாய், அவன் இஷ்டம்." கதவை அடிக்காமல் மெதுவாகச் சாத்தினான். ஓங்கி அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக மூன்று தடவை தைஸ்தோ கிளம்பிப் போனார். மூன்று தடவையும் நான் வேலை முடிந்து வந்து பேருந்திலிருந்து இறங்கும்போதே குரல் கேட்டது. நேரே நடந்து போய், ஒரு முறை ஓடைக்கரையில், இரண்டு முறை பழைய வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவரைக் கூட்டி வந்தேன். மைரேவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. என்னைப்போலக் கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை எதால் அடிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் கடைசி வாரம். வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டது. அன்று பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குக் காப்பி விருந்து. ரொட்டி சுட்டு, பரிமாறி, கழுவி வைக்க வேண்டியிருந்ததால் இரண்டரை மணிப் பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்தது ஆறு மணிக்குத்தான் எங்கள் ஊரில் இறக்கிவிடும். மூன்று மணிக்கு அலுவலக அறையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. உர்போ வீட்டு எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தேன். "போய்க் கொஞ்சம் பாத்துட்டு வா" என்றால், "ஏன், தைஸ்தோவுக்கு என்ன?" என்று கேட்பான். கடைசி எண்ணுக்கு முன்னால் கருவியை வைத்துவிட்டேன். விறகுக் கொட்டகையில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேருந்து நேரம் வரை பாத்திரம் கழுவினேன்.

ஆறு மணிக்குப் பேருந்து இறக்கிவிட்டது. உர்போ அஞ்சல் பெட்டியருகே நின்றிருந்தான். குரல் கேட்டது. ருஸ்கோதான், ஆனால் குரல் கிழிந்திருந்தது.

"உன் வீட்டுக்காரனுக்கு இன்னைக்கு யோகம்தான் போ," என்றான் உர்போ, பாதி சிரிப்பும் பாதி கடுப்புமாக. "பெரிய சேவலா மாட்டியிருக்கும். காலையில பத்து மணியிலேர்ந்து ஒரே இடத்துல குரைக்குது. இன்னும் ஒரு வெடிகூடக் கேக்கல. வக்கீலை வாங்கினா இப்படித்தான், கேஸ் முடியவே முடியாது!"

"பத்து மணியிலேர்ந்தா?" அவன் சட்டையைப் பிடித்தேன். "போய்ப் பாக்கலியா நீ?"

அவன் சிரிப்பு போய்விட்டது. "என்ன கேக்கறே, ஹில்கா? இன்னொருத்தன் நாய் குரைக்கிற எடத்துக்கு நான் போவேனா? அவ்வளவு கேவலமானவனா நான்? பழம் பறிக்க வந்த பசங்க ரெண்டு பேரு அந்தப் பக்கம் போனாங்க. நான்தான் கூப்பிட்டு, தைஸ்தோ வேட்டை நடக்குது, சுத்திக்கிட்டுப் போங்கன்னு அனுப்பினேன்."

அவன்மேல் தப்பில்லை. நாய் குரைக்கிற மரம் அந்த நாய்க்காரனுடையது. மற்றவன் காலடிச் சத்தம் கேட்டால் பறவை பறந்துவிடும், ஆகவே யாரும் கிட்டப் போக மாட்டார்கள். எங்கள் காட்டில் இது வேதம். ஒருமுறை தெரியாமல் நெருங்கி வந்துவிட்ட ஒருவனிடம் தைஸ்தோ இரண்டு வருஷம் பேசவில்லை. உர்போ தன் நண்பனுக்கு மரியாதை செய்திருக்கிறான். காவல் காத்திருக்கிறான். யாரையும் கிட்டப் போக விடவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையைச் சாலையில் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினேன். "ஏய், கலைச்சுடாதே!" என்று உர்போ பின்னாலிருந்து கத்தினான்.

குரல் வடக்கே கேட்டது. பிறகு பாறைக்கு மேலே கேட்ட மாதிரி இருந்தது. காலணிக்குள் தண்ணீர் ஏறியது. மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை எழுந்து நின்று காது கொடுத்தபோது குரல் இல்லை.

நின்றுவிட்டது. மழை இலைகளில் விழுகிற சத்தம் மட்டும்தான். "ருஸ்கோ!" என்று கூப்பிட்டேன். "தைஸ்தோ!" என்று கூப்பிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள். நான் எங்கே நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. எட்டு மணி நேரம் ஈரத்தில் உட்கார்ந்த மனுஷன் இரவைத் தாண்ட மாட்டார். அவருக்கும் எனக்கும் நடுவில் நான் கட்டி வைத்த பொய்யைத் தவிர ஒன்றுமில்லை.

அங்கேயே நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"உர்போ! அவர்கிட்ட துப்பாக்கி இல்ல! அவர் வேட்டைக்கு வரல! அவருக்குப் புத்தி போயிட்டுது, உர்போ! வீடு எதுன்னு தெரியாது, நான் யாருன்னு தெரியாது! ஒரு வருஷமா ஒளிச்சு வச்சேன்! வா, உர்போ! யாராச்சும் வாங்களேன்!"

எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. கிளைகள் முறிகிற சத்தம் கேட்டது. உர்போ எருதுபோல முட்டிக்கொண்டு வந்தான். தொப்பி இல்லை, முகமெல்லாம் கீறல். என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து நேர் எதிர்த்திசையில் இழுத்தான்.

"எந்த மரம்னு எனக்குத் தெரியும்," என்றான். "நாள் பூரா அதையேதான் கேட்டுட்டு இருந்தேன். சதுப்போட தென்கோடி, ஒத்தைப் பைன் மரம்." ஓடிக்கொண்டே சொன்னான். "கோவமா இருந்தேன், ஹில்கா. என் குட்டியை வேண்டாம்னுட்டீங்களேன்னு. நல்லா நனையட்டும் கிழவன்னு நெனைச்சேன். கடவுளே, நல்லா நனையட்டும்னுதான் நெனைச்சேன்."

ஒற்றைப் பைன் மரத்தடியில் தைஸ்தோ உட்கார்ந்திருந்தார். இடுப்பு வரை சேறு. உதடு நீலம். ஒரு காலில் காலணி இல்லை. நாலடி தள்ளி ருஸ்கோ நின்றுகொண்டிருந்தது. அது குரைப்பதை நிறுத்தவே இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது, விலா குலுங்கியது, சத்தம்தான் வரவில்லை.

தைஸ்தோ எங்களைப் பார்த்தார். பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தபோதும் குரலில் பழைய அதட்டல் இருந்தது.

"யார்டா அது? என் நாய் குரைக்கிற எடத்துக்குக் கேக்காம கொள்ளாம வர்றது?"

உர்போ சேற்றில் மண்டியிட்டான். "மன்னிச்சுக்கோ, தைஸ்தோ," என்றான். "காலையிலயே வந்திருக்கணும்." பெரிய ஆண்பிள்ளை, விம்மி விம்மி அழுதான்.

"சரி சரி, போகட்டும்," என்றார் தைஸ்தோ, பெருந்தன்மையாக. பிறகு என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு? குளிர்ல நடுங்கறாங்களே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

உர்போ அவரை முதுகில் தூக்கிக்கொண்டான். நான் நாயைத் தூக்கிக்கொண்டேன். சாலைக்கு வந்தபோது என் கத்தல் கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் விளக்கோடு நின்றார்கள். நான் பயந்த அந்தப் பார்வை ஒருவர் முகத்திலும் இல்லை. ஒருத்தி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் காலில் சுற்றினாள். ஒருவர் காரைக் கிளப்பினார். "பகல்ல என் வீட்டுல விட்டுருக்கலாமே, நான் சும்மாத்தானே கெடக்கேன்," என்றார் இன்னொருவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கலாம்.

தைஸ்தோ பிழைத்துக்கொண்டார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மைரே காகிதத்தோடு வந்தாள். ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது, உர்போ தினமும் வருகிறேன் என்கிறான் என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இதை வசந்த காலத்துல சொல்லியிருந்தீங்கன்னா வீட்டுலயே இருக்கட்டும்னு நானே எழுதிக் குடுத்திருப்பேன்," என்றாள் அவள். "இப்ப டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு." அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நானும் கையெழுத்துப் போட்டேன். வார்டுக் கதவு எனக்குப் பின்னால் மூடியது. உள்ளேயிருந்து அவர் பிடியை அழுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டது. நான் சதுப்பில் நின்று கத்தியதை மே மாதம் என் சமையலறையிலேயே, அந்தக் குட்டி மேசைமேல் நின்றபோதே, சாதாரணக் குரலில் உர்போவிடம் சொல்லியிருந்தால் போதும், என் புருஷன் எந்த நாயோடாவது எங்கள் வீட்டில் இருந்திருப்பார்.